அமைதிக் கோப்பை

வலியொழிப்பு ஆய்வு நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே கறிக்கடைக்காரரை ஊசியால் குத்தினார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் ஊசி என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் இது மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல, சட்டைக்குப் பொத்தான் தைக்கிற ஊசி. விரல் நுனியில் நறுக்கென்று இறக்கிவிட்டு, குத்தியவர், குத்தச் சொன்னவர், பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஆ," என்றார் கறிக்கடைக்காரர்.

கண்ணை மூடியிருந்தவர் கண்ணைத் திறந்தார். "ஒண்ணு," என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

அது என்ன ஒன்று என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த ரொட்டிச்சூளைக்காரர்தான் பிறகு விளக்கினார். "மூணு தடவ கத்தினா மருந்த நிறுத்தி வெளிய அனுப்பிடுவாங்க. நான் வந்து இத்தன நாளாச்சு, ஒரு தடவகூடக் கத்தினதில்ல." பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் அடக்கம் அவர் முகத்தில் இருந்தது. அவருடைய வலது கைச் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு இருந்தது.

கறிக்கடைக்காரர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை சின்னதுதான். வயிற்றில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தாகிவிட்டது. அறுப்பு வேலைமேல் அவருக்குத் தனி மரியாதை உண்டு. தையலைப் பார்த்துவிட்டு "சுத்தமான கை" என்று சர்ஜனை மனதாரப் பாராட்டியவர் அவர். மிச்சமீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் கொல்ல வேண்டுமென்று ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்த மருந்து கூலிக்கு அமர்த்திய அடியாள் மாதிரி. சொன்ன ஆளைத் தீர்த்துக்கட்டும். கையோடு, வழியில் சும்மா நிற்கிறவர்களையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகும். அப்படிச் சும்மா நிற்கிறவை விரல் நுனியிலும் பாதத்திலும் இருக்கிற தொடுவுணர்வு நரம்புகள்.

"உயிருக்கு நான் பொறுப்பு. விரலுக்குப் பொறுப்பில்ல," என்று கேன்சர் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். உயிர் இருந்து விரல் இல்லாவிட்டால் கறிக்கடைக்காரர் என்ன செய்வார் என்பது அவருடைய பாடத்தில் இல்லை.

கறி வெட்டுவது வலது கையின் வேலை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வலது கை வெறும் சுமைகூலி. எங்கே வெட்டுவது என்று சொல்வது இடது கை. சதைக்கு அடியில் மூட்டு எங்கே பிரிகிறது, ஜவ்வு எந்தப் பக்கம் ஓடுகிறது, எலும்புத் துணுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது எல்லாம் அந்த ஐந்து விரல்களுக்குத்தான் தெரியும். கத்தி இறங்குகிற இடத்துக்கும் அந்த விரல்களுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவுதான் இடம். விரல் மரத்துப்போனால் அதுவும் சேர்ந்து துண்டாகி வாடிக்கையாளர் பொட்டலத்துக்குள் போய்விடும். எடை கூடுதலாக இருக்கிறதே என்று அவரும் சந்தோஷமாக வாங்கிப் போவார்.

"விரல் போச்சுன்னா நான் பொணம்தான்," என்றார் கறிக்கடைக்காரர் மனைவியிடம்.

"பொணம்னா இப்படிப் பேசாது. அந்த நெலையத்துல ஏதோ புது ஊசி போடுறாங்களாம், கெளம்புங்க," என்றாள் அவள்.

புது ஊசி என்பது பொய்யல்ல. அதைக் கவனித்துக்கொண்டவர் சின்ன டாக்டர். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டே நடக்கிற இளைஞர். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். "நம்ம ஒடம்பே நரம்புக்குன்னு ஒரு சாப்பாடு தயார் பண்ணுதுங்க. அது கெடச்சாத்தான் நரம்போட நுனி உசிரோட இருக்கும். கேன்சர் மருந்து ஏத்துறப்பல்லாம் இதையும் போட்டுட்டு வந்தா, அந்த மருந்து அடிக்கிற அடிய நரம்பு தாங்கும்," என்றார். ஆராய்ச்சி என்பதால் பாதிப் பேருக்கு இந்தக் காரணி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு: இந்த ஊசி போட்ட இடம் நெருப்பாக எரியும், கொஞ்ச நாளைக்கு மேலே துணி பட்டால்கூட வலிக்கும். நன்றாகச் சாப்பிட்ட நரம்புக்குக் கொழுப்பு ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதனால் யாருக்கு எது என்பது முதல் வாரமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கத்துகிறவர்களுக்கு மருந்து, கத்தாதவர்களுக்குத் தண்ணீர். கறிக்கடைக்காரர் ஊசி போட்ட அன்று தொடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முனகியபடி வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். ரொட்டிச்சூளைக்காரர் ஊசி போட்டுக்கொண்டே பேப்பர் படித்தார்.

இது தெரியாத ஒரே ஆள் நிலையத்தின் இயக்குநர். தெரியாது என்றால், தெரிந்துகொள்வது பதவிக்கு அழகில்லை என்று இருந்துவிட்டார். வராண்டா முழுக்க அவருடைய வாசகத்தைத்தான் எழுதி மாட்டியிருந்தார்கள்: வலி என்பது சத்தம், சத்தம் இல்லாத இடத்தில் வலி இல்லை. ஆகவே வலியை அளக்கச் சத்தத்தை அளந்தால் போதும். அதற்காகவே கண்ணை மூடி உட்கார்கிற அலுவலர் ஒருவரை வைத்திருந்தார். பதவியின் முழுப் பெயர் செவி அலுவலர்; எல்லோரும் காது சார் என்பார்கள். குத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் இரக்கம் வந்து கணக்குக் கெட்டுவிடும் என்பதால் கண்ணை மூடிக்கொள்வது விதி. முகம் எப்படிக் கோணினாலும் கவலையில்லை. கண்ணீர் வந்தால் அது கண் பிரிவு. வியர்த்து ஊற்றினால் தோல் பிரிவு. மயங்கி விழுந்தால் இதயப் பிரிவு, அதுவும் அங்கே கட்டில் காலியாக இருந்தால். வாயிலிருந்து வருவது மட்டும்தான் இந்த நிலையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

மூன்று தடவை கத்தினவர், மருந்து பலிக்காதவர். கத்தவே கத்தாதவர், குணமானவர்.

கறிக்கடைக்காரருக்கு இது புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் சின்ன டாக்டரை மாடிப்படியில் மடக்கினார்.

"டாக்டர், வலிக்கிறவனுக்குத்தானே நரம்பு நல்லாருக்கு? மரத்துப்போனவனுக்குத்தானே போச்சு? நீங்க தலகீழால்ல எழுதறீங்க?"

சின்ன டாக்டர் மேலேயும் கீழேயும் பார்த்தார். "தலகீழ்தான்."

"பெரியவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"என் நெரந்தர வேலை உத்தரவு அவர் மேஜைமேலதான் கெடக்குது. கையெழுத்துப் போட்டதும் கட்டாயம் சொல்றேன்."

"எப்பப் போடுவாரு?"

"ஆராய்ச்சி ஜெயிச்சதும்." சின்ன டாக்டரின் கழுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. "நீங்க கத்தாதீங்க. உங்களுக்குப் போடுறது அசல் மருந்து. கத்தினா நிறுத்திடுவாங்க. கேன்சர் மருந்து நின்ன பெறகும் கொஞ்ச காலம் நரம்பத் தின்னும். கடைசி ஊசி வரைக்கும் வாங்கிட்டுப் போங்க. பல்லைக் கடிச்சுக்கங்க."

விரலில் உணர்ச்சி வேண்டுமென்றால் உணர்ச்சியே இல்லாதவன் போல நடிக்க வேண்டும். கறிக்கடைக்காரர் தலையெழுத்தே என்று ஒத்துக்கொண்டார்.

பார்வையாளர் நேரத்தில் மனைவி வருவாள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி இடது கையில் எதையாவது வைப்பாள். "அரிசி," என்பார். "உடைஞ்ச அரிசி." "இது பொத்தான். நாலு ஓட்ட." "இது உன் தோடோட திருகு. காதுல போடு, தொலஞ்சிரும்." அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள். முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள். மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிக்க அந்தக் கட்டடத்தில் அந்த ஒரு பரிசோதனைதான் நடந்தது. அதற்கு அங்கே அதிகாரம் இல்லை.

அதிகாரம் உள்ள பரிசோதனைகள் வேறு மாதிரி நடந்தன. பொத்தான் ஊசிக்கு அடுத்து கோணி ஊசி வந்தது. அதற்கு அடுத்து கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்த கரண்டி. நரம்பு வைத்தியர்கள் முழங்காலில் தட்டுகிற ரப்பர்ச் சுத்தியல் உடைந்துபோயிற்று. புதியது வாங்கும் கோப்பு எங்கோ தூங்கியதால் தச்சுப் பட்டறையிலிருந்து ஆணியடிக்கிற சுத்தியலை இரவல் வாங்கி வந்தார்கள். இதனால் பரிசோதனையின் துல்லியம் கூடியிருப்பதாக இயக்குநர் கண்டுபிடித்தார். கறிக்கடைக்காரர் இடித்த புளி போல உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரல் நகம் கறுத்து, ஒருநாள் காலுறையோடு கழன்று வந்தது. வாய் திறக்கவில்லை. வார்டில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் விழுந்தது.

இதற்கிடையில் அமைதிக் கோப்பை என்று ஒன்றை அறிவித்தார்கள். எந்த வார்டில் கத்தல் குறைவோ அந்த வார்டுக்குக் கோப்பை, ஊழியர்களுக்கு மாலையில் தேநீரோடு பாராட்டு. அன்றிலிருந்து வார்டு உதவியாளர் கட்டையன் புது உற்சாகத்தோடு வேலை பார்த்தான். காலையில் வந்ததும் முந்தின நாள் கத்தினவர்களை வரிசையாக நிறுத்தி அடிப்பான். அடிக்கும்போது கத்தினால் அதுவும் கணக்கில் ஏறிவிடுமே என்ற அக்கறையில் வாயில் துணியைத் திணித்துவிட்டுத்தான் அடிப்பான். எதிர் வார்டில் ஒரு பாட்டு டீச்சர். அசல் மருந்து அவருக்கு அமோகமாக வேலை செய்திருந்தது பாவம். மூன்றாவது தடவையாகக் கத்திவிட்டார். அவரை நடக்கக்கூட விடாமல் விரிப்போடு சேர்த்துச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் தலை இரண்டு இடத்தில் இடித்தது. அந்த இரண்டு கத்தலும் வெளியாள் கத்தல், எங்கள் வார்டில் சேராது என்று எதிர் வார்டுக்காரர்கள் காது சாரிடம் வாதாடி ஜெயித்தார்கள்.

கறிக்கடைக்காரருக்கு இரண்டாவது கணக்கு விழுந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ரொட்டிச்சூளைக்காரர் ஜன்னலோரம் நின்று தன் சூளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் மாவு உப்பும், தட்டைத் தொட்டே எப்படி வேக்காடு தெரிந்துகொள்வார் என்று சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. சாய்ந்து நிற்க வசதியாக இடது கையை வெந்நீர்க் குழாயில் ஊன்றியிருந்தார். பேச்சு முடிந்து கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் குழாயிலேயே தங்கிவிட்டது.

"ஐயோ, கை," என்று கத்தினார் கறிக்கடைக்காரர்.

"ரெண்டு," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். காது சார் சாப்பிட்டுவிட்டு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு வலிக்கல சார். அவருக்குத்தான்."

காது சார் ரொட்டிச்சூளைக்காரரைப் பார்த்தார். அவர் தன் உள்ளங்கையை யாரோ கொண்டுவந்து கொடுத்த பொருளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வலிக்குதா?"

"இல்ல சார்."

"அவருக்கு வலிக்கலையாம். அப்ப யாருக்கு வலிச்சிருக்கு?" காது சாருக்குத் தர்க்கம் பிடிக்கும். "உங்களுக்குத்தான்."

ரொட்டிச்சூளைக்காரருக்கு அன்று மாலையே சிறப்புப் பாராட்டு கிடைத்தது. சுண்டுவிரல் போனதைப் போலவே இதுவும் முன்னேற்றம்தான், வலிக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன என்று இயக்குநர் நேரில் வந்து முதுகில் தட்டினார். ரொட்டிச்சூளைக்காரர் பணிவாகச் சிரித்தார். இயக்குநர் போன பிறகு கறிக்கடைக்காரரிடம், "தட்டினாரா? சத்தம் கேட்டுச்சு," என்றார்.

கேன்சர் மருந்து கடைசிச் சுற்று ஏறிய அன்றே மேலிடத்துக் குழு நிலையத்தைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. கறிக்கடைக்காரருக்குப் போட வேண்டிய கடைசி ஊசி விழா முடிந்ததும் போடப்படும் என்றார்கள். முதலில் மேடை, பிறகு மருந்து. மேடையில் காட்ட இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: ரொட்டிச்சூளைக்காரர், கல்லுளிமங்கன்.

காலையிலேயே கட்டையன் இரண்டு பேருக்கும் முகம் கழுவித் தலை வாரிவிட்டான். மனைவி விழாக் கூடத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மேடையின் ஓரத்தில் சின்ன டாக்டர் ஒரு தட்டோடு நின்றார். தட்டில் அந்த ஊசி இருந்தது. கறிக்கடைக்காரர் மேடையில் ஏறியதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ இந்த வராண்டாவுல காதைப் பொத்திக்காம நடக்க முடியாது. ஒரே கத்தல். வலிக்குது, வலிக்குதுன்னு. நான் கேக்குறேன், வலிக்குதுன்னா அதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு? இன்னைக்கு வந்து பாருங்க. ஒரு ஊசி கீழ விழுந்தா கேக்கும். அந்த ஊசி ஒருத்தர் கால்ல ஏறினா கேக்காது. இதுதான் நம்ம சாதனை." குழுவினர் கைதட்டினார்கள். "நோயாளிங்களுக்கு ஏதாவது கொறை இருக்கான்னு நானே வார்டு வார்டாப் போய்க் கேட்டேன். ஒருத்தர் வாய் தெறக்கல. அவ்வளவு திருப்தி. வாய் தெறக்கக் கூடாதுன்னு நான்தான் உத்தரவு போட்டிருந்தேன்னு அப்பறம் யாரோ ஞாபகப்படுத்தினாங்க. அதனால என்ன? உத்தரவு போட்டாத்தான் திருப்தி வரும்னா போட்டுட்டுப் போறோம்."

முதலில் ரொட்டிச்சூளைக்காரர். மேஜைமேல் ஒரு மின் அடுப்பு சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. "கையை வைங்க," என்றார் இயக்குநர். அவர் வலது கையை வைத்தார். சுர்ரென்றது. காது சார் கண்ணை மூடிக்கொண்டு, அடுப்பின் சத்தம் நோயாளியின் சத்தமல்ல என்று தலையாட்டினார். ரொட்டிச்சூளைக்காரர் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். புகை எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள்.

ரொட்டிச்சூளைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "யாரோ கறி வறுக்குறாங்க," என்று கறிக்கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

கறிக்கடைக்காரருக்கு அந்த வாசனையின் ரகம் தெரியும். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார். கத்தலை விழுங்கினார். அதற்காக அவர் தன்னை அப்போதே வெறுத்தார். கரண்டியைக் கொண்டுதான் அந்தக் கையை அடுப்பிலிருந்து பெயர்த்து எடுக்க முடிந்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்து அவர்.

"எந்தக் கை?" என்று கேட்டார் இயக்குநர், சுத்தியலை எடுத்துக்கொண்டே.

வலது கையை நீட்டினார். குழுத் தலைவர் தலையை ஆட்டினார். "அது வேலை செய்யுற கை. காப்புக் காய்ச்சியிருக்கும். இடது கையைப் போடச் சொல்லுங்க."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கறிக்கடைக்காரர் இடது கையை மேஜைமேல் வைத்தார். முழுக் கையும் வைக்கவில்லை. நாலு விரலையும் மடக்கிச் சுண்டுவிரலை மட்டும் நீட்டினார். ஆட்டை வெட்டுகிறவருக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரியாதா என்ன. மனதுக்குள் அந்த விரலிடம் மன்னிப்புக் கேட்டார்.

சுத்தியல் இறங்கியது.

சத்தமில்லை. கூடத்தில் இருந்த மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சரியாப் பட்டுச்சா?" என்றார் குழுத் தலைவர்.

இயக்குநருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிச் சின்ன டாக்டர் தோளில் போட்டார். இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் ஓங்கி, பல வருட நிர்வாக அனுபவத்தையும் சேர்த்து இறக்கினார். இந்த முறை மளுக்கென்று கேட்டது.

காது சார் கண்ணைத் திறந்தார். "சத்தம் வந்தது."

கூடம் பரபரத்தது. கறிக்கடைக்காரரின் கண் இரண்டும் பொங்கி வழிந்தன. மூச்சை வெளியே விட்டால் கத்தல்தான் வரும் என்பதால் விடாமல் நின்றார். அவர் மூச்சைப் பிடித்து நிற்க, குழு விவாதித்தது. வந்த சத்தம் நோயாளியின் சத்தமா, எலும்பின் சத்தமா? எலும்பு நோயாளிக்குச் சொந்தம்தானே என்றார் ஒருவர். சொந்தமாக இருக்கலாம், ஆனால் அது வாய்வழியாக வரவில்லையே என்றார் இன்னொருவர். நோயாளியையே கேட்டுவிடலாமே என்று ஒரு அசடு சொன்னது. அவர் பேசினால் அதுவே சத்தமாகிவிடும் என்று அதை உட்கார வைத்தார்கள். சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"எலும்பு, எலும்புப் பிரிவைச் சேர்ந்தது," என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார் குழுத் தலைவர். "நம்ம வரம்புக்குள்ள வராது. நோயாளி முழுக் குணம்."

இயக்குநர் பூரித்துப்போய் ஓடிவந்து பதக்கத்தைக் கறிக்கடைக்காரரின் சட்டையில் குத்தினார். பூரிப்பில் கொஞ்சம் அழுத்திவிட்டார். ஊசி சட்டையைத் தாண்டி நெஞ்சுச் சதைக்குள் ஏறி மறுபக்கம் வந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது. கறிக்கடைக்காரர் சபைக்கு வணக்கம் வைத்தார்.

சின்ன டாக்டர் தட்டோடு வந்து, யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று, கடைசி ஊசியைப் போட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டாரு," என்றார். "பெறகு எல்லாத்தையும் சொல்லிடுவேன்." கறிக்கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் கழுத்து முழுசாக உள்ளே போய்விட்டது.

மனைவி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம், ஊசி ஏறிய தொடை ஒரு பக்கம், மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு எரிந்தன. வராண்டாவைக் கடந்தார்கள். தோட்டத்தைக் கடந்தார்கள். வாயிலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"எங்க போறீங்க?"

"எலும்புக்கு," என்றாள் மனைவி.

"ஐயாவே சொல்லட்டும்."

கறிக்கடைக்காரர் வாயைத் திறந்தால் வார்த்தை வராது, வேறுதான் வரும். வாயிலுக்கு உள்ளே கத்தல் வந்தால் அது மூன்று. மூன்று என்றால் குணமானது பொய்யென்று ஆகி, முதலிலிருந்து அத்தனையையும் விசாரிப்பார்கள், மறுபடி சுத்தியல். மனைவி சட்டென்று தன் உள்ளங்கையை அவர் வாயில் கொடுத்தாள். அவர் கடித்தார். பல் இறங்கியது.

"ஐயோ அம்மா," என்று அலறினாள் மனைவி.

காவலாளி பயந்து உள்ளே திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "நீங்க நோயாளி இல்லல்ல? உறவுக்காரங்க எவ்வளவு வேணா கத்தலாம். போங்க," என்று வழிவிட்டான்.

தெருவில் பஸ் நிறுத்தம் வரை ஓடினார்கள். அங்கே போய்த்தான் கறிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்தது மொத்தமாக வந்தது. கோணி ஊசிக்கும் கரண்டிக்கும் கழன்ற நகத்துக்கும் தனித்தனியாகக் கத்தினார். ஒரு சைக்கிள்காரர் நிலைதடுமாறிக் கீழே விழுந்தார். மனைவி ரத்தம் சொட்டும் கையால் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா? நல்லா வலிக்குதா?" என்று கேட்டு அழுதாள். அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"வலிக்குது. எல்லா வெரலும் இருக்கு. ஒவ்வொண்ணாத் தெரியுது," என்றார்.

பிறகுதான் நிறுத்தத்தின் பெஞ்சில் ரொட்டிச்சூளைக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். குணமானவர் என்று அவரையும் அனுப்பியிருந்தார்கள். மடியில் அமைதிக் கோப்பை. வார்டின் சார்பில் அவரிடம் கொடுத்து விட்டிருந்தார்கள். இரண்டு கையும் துணிச்சுற்று. கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தார்.

"எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

"என்னது?"

"அதான், வலி."

கறிக்கடைக்காரர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சுர்ருன்னு ஏறுதுங்க. தோள் வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. கொஞ்சம் அடங்குறாப்புல இருந்து மறுபடி வருது."

ரொட்டிச்சூளைக்காரர் ஆசையாகக் கேட்டுக்கொண்டார். "எனக்குச் சூளை வாசல்ல தட்டை இழுக்கறப்போ இப்படித்தான் வரும். அதை வெச்சுத்தான் வெந்துடுச்சான்னு தெரிஞ்சுக்குவேன்." கைத் துணிச்சுற்றைப் புரட்டிப் பார்த்தார். "இனிமே எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்து, "ஆ," என்றார். டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டும்போது வருகிற மாதிரி ஒரு ஆ. இன்னொரு முறை முயன்றார். நிறுத்திக்கொண்டார்.

"வரலைங்க," என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, யாரிடமும் கேட்டுப் பழகாத மனிதர் கேட்பது போலக் கேட்டார். "நீங்க எனக்காக ஒண்ணு கத்துறீங்களா?"

கறிக்கடைக்காரர் துணிச்சுற்றைப் பார்த்தார். மேடையில் இவருக்காகக் கிளம்பி விழுங்கிய கத்தல் மட்டும் இன்னும் தொண்டையிலேயேதான் இருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து, நிலையத்தின் பக்கம் திரும்பி நின்று, உடைந்த விரலை மற்றக் கையால் பிடித்து நன்றாக ஒருமுறை முறுக்கினார். கையில் இருந்த வலி இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.